முருகையன் டிராக்டரின் அசல் பாகம்

“உங்க டிராக்டர் எப்போ பொறந்துச்சும்மா?” என்று விழுப்புரத்தில் ஓர் அதிகாரி என்னைக் கேட்டார்.

கேலியாகக் கேட்கவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தார். எனக்கு வெளியாட்கள் முன்னால் பேச்சு வராது. அப்பாவைப் பார்த்தேன். அப்பா மின்விசிறியைப் பார்த்தார். என் பிறந்த தேதியே பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் பார்த்துப் போட்டதுதான். அந்த வருடம் சேர்ந்த எங்கள் எல்லோரையும் அவர் ஜூன் மாதம் ஒன்றாம் தேதி பிறக்கவைத்தார். நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்ட பிறகும் அந்தத் தேதியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. டிராக்டர் பள்ளிக்கூடத்தில் சேராததால் அதற்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

“பொண்ணு பேசாதுங்க, எழுதும். அதுக்குத்தான் கூட்டிக்கினு வந்தேன்,” என்றார் அப்பா. “வண்டி எங்கப்பா காலத்துல வந்துது. பாண்டிச்சேரிய வுட்டு வெள்ளக்காரன் போனான் பாருங்க, அவன்கிட்ட வாங்குனது.”

“பிரெஞ்சுக்காரர் வெளியேறியதற்கு முன்பா, பின்பா?”

“போறப்ப வித்துட்டுப் போனான் சார். போனப்புறம் எப்படி விப்பான்?”

அதிகாரி எழுதிக்கொண்டார்: ‘பிறப்பு: முன்பு.’

இது எண்பத்தாறாம் வருடத்து ஆடி மாதம். எங்கள் டிராக்டர் அப்போது திண்டிவனத்தில், தொன்மை உழவு இயந்திர மெய்யறி வாரியத்தின் வளாகத்தில் நின்றுகொண்டிருந்தது.

அந்த வாரியம் ஆடி பிறந்த மூன்றாம் நாள் ஒரு ஜீப்பில் எங்கள் ஊரான கெடாருக்கு வந்தது. ஒலிபெருக்கியில் ஒருவர் அறிவித்தார். இருபத்தைந்து வயது கடந்த டிராக்டர்கள் இனி வெறும் டிராக்டர்கள் அல்ல, நாட்டின் தொன்மைச் செல்வங்கள். போலிகள் பெருகிவிட்டபடியால் எது அசல் என்று வாரியம் ஆராய்ந்து சான்று வழங்கும். சான்று பெறும்வரை எந்தப் பழைய டிராக்டரும் நிலத்தில் இறங்கக் கூடாது, இறங்கினால் பறிமுதல். ஜீப் போன பிறகு, பழைய டிராக்டரை யார் எதற்காகப் போலியாகச் செய்வார்கள் என்று ஊரில் யோசித்தார்கள். ஒருவருக்கும் விளங்கவில்லை. அதனால் பெரிய விஷயமாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தார்கள்.

அப்பாவுக்குச் சட்டம் என்றால் மரியாதை. மறுநாளே வண்டியைத் திண்டிவனம் வரை ஓட்டிக்கொண்டு போய் வாரியத்தில் நிறுத்தினார். இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும் என்று வாசலில் நின்றவர் சொன்னார். அவர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் அம்மா விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு ஐந்து ஏக்கர் மானாவாரி. ஆடியில் ஒரு நல்ல மழை பெய்து, அந்த ஈரம் காயுமுன் உழுது விதைக்க வேண்டும். விட்டால் அந்த வருடத்துக்கு வேறு வெள்ளாமை கிடையாது. விதைப் பருப்பையும் ஓடு நீக்கிவிட்டால் வெகுநாள் வைத்திருக்க முடியாது. வண்டு விழும், முளைப்பு குறைந்துபோகும். டிராக்டர் வந்தபோதே தாத்தா மாடுகளை விற்றுவிட்டார். ஊரில் மிச்சமிருந்த ஏர்களுக்கு முன்கூட்டியே ஆட்கள் சொல்லி வைத்திருந்தார்கள்.

“ரெண்டு நாள்னு சொன்னாங்களே,” என்றாள் அம்மா, எட்டாம் நாள். “மொத்தம் எத்தினி ரெண்டு நாளாம்?”

வாரியத்தின் ஏற்பாடு எங்களுக்கு மெல்லத்தான் புரிந்தது. டிராக்டரின் வரலாற்றை விழுப்புரம் அலுவலகம் பார்க்கும். அது அசலா என்பதைத் திண்டிவனம் அலுவலகம் பார்க்கும். வரலாறு முடியாமல் உண்மையைத் தொட மாட்டார்கள். உண்மை தெரியாமல் வரலாற்றை முடிக்க மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் விக்கிரவாண்டி இருந்தது. அங்கே இறங்கி டீ குடித்துவிட்டு நானும் அப்பாவும் ஒரே கோப்பினை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கொண்டுபோனோம்.

விழுப்புரத்தில் வரலாற்றுக்குப் பொறுப்பானவர் விருத்தாசலம். என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர்தான். நல்ல மனிதர், நாற்காலி கொடுத்து உட்கார வைப்பார். டிராக்டரைச் சிறுவயதில் பார்த்த இரண்டு சாட்சிகள் வேண்டும் என்றார்.

“யாரு சிறுவயசுல சார்? வண்டியா, சாட்சியா?”

“ரெண்டு பேருமேன்னா விசேஷம்.”

சாட்சிகள் கிடைக்கவில்லை. பார்த்தவர்கள் பாதிப் பேர் இறந்துவிட்டார்கள், மீதிப் பேர் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகவே அப்பா சுவரிலிருந்த கல்யாணப் படத்தைக் கழற்றி எடுத்து வந்தார். கல்யாணத்தன்று அப்பாவும் அம்மாவும் டிராக்டரில்தான் ஊர்வலம் வந்தார்கள். இரண்டு பக்கமும் வாழைமரம், மேலே தென்னங்கீற்று, முன்னால் சாமந்தி மாலைகள். விருத்தாசலம் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“இதுல டிராக்டர் எங்க?”

“இவ்ளோ பெருசா இருக்குதே சார். பூவுக்கு உள்ள.”

“ஒரு விளக்கு மட்டும் தெரியுது. அது மாட்டு வண்டி லாந்தராகவும் இருக்கலாம்.” அவர் படத்தைக் கோப்பில் குத்தி, பக்கத்தில் எழுதினார்: ‘இப்புகைப்படத்தால் திருமணம் நிரூபணமாகிறது. டிராக்டர் நிரூபணமாகவில்லை.’

“சரி, ஒண்ணாவது ஆச்சே,” என்றார் அப்பா, பஸ்ஸில்.

திண்டிவனத்தில் உண்மைக்குப் பொறுப்பானவர் அரங்கநாதன். மெய்யறி அலுவலர் என்று அவர் மேசையில் பலகை இருந்தது. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் டிராக்டரைத் தொடுவார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுக் கையையும் கழுவுவார். அவர் ஒவ்வொரு பாகமாகக் கேட்டார், அப்பா பதில் சொன்னார். நான் மட்கார்டு ஓரமாக நின்றேன்.

“ஸ்டியரிங்?”

“அது பஸ்ஸுதுங்க. செஞ்சி ரோட்டுல ஒரு பஸ்ஸு கவுந்துது. நல்லாப் புடிக்குது கைக்கு.”

“சீட்?”

“பலா மரம் சார். நானே செதுக்குனேன். உக்காந்து பாருங்க, சூடு ஏறாது.”

“இஞ்சின்?”

“சர்க்கரை ஆலை ஏலத்துல இதே மாதிரி வண்டி ஒண்ணு உடைச்சாங்க. அதுலேர்ந்து எறக்கி மாத்துனது. மொய்தீன் பிச்ச பாய்தான் மாட்டிக்குடுத்தாரு. அதுக்கப்புறம் ஒரு நாள் நின்னதில்ல.”

இருபத்தெட்டு கேள்விகளுக்கும் அப்பா இப்படித்தான் பதில் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டியது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. முப்பது வருடமாக ஒரு வண்டியைச் சாகவிடாமல் வைத்திருந்ததற்கு ஓர் அதிகாரி கடைசியாக வந்து விசாரிக்கிறார் என்று எண்ணிப் பெருமையாகச் சொன்னார். அரங்கநாதன் ஒவ்வொன்றுக்கும் சிவப்பு மையில் குறுக்குக்கோடு போட்டார். கோடுகளைப் பார்த்த அப்பா, “எல்லாம் சரியா இருக்குதுன்னு போடறாரு,” என்று என்னிடம் சன்னமாகச் சொன்னார்.

இருபத்தொன்பதாவது, நம்பர் தகடு. வண்டி எந்தத் தொழிற்சாலையில், எந்த வருடம், எத்தனையாவதாகச் செய்யப்பட்டது என்று பொறித்த பித்தளைத் தகடு. அது ஒன்றுதான் வண்டியோடு வந்தது, மாற்றாதது.

அரங்கநாதன் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இதுல எழுத்தே இல்லையே. என் முகம்தான் தெரியுது.”

“பித்தளைங்க,” என்றார் அப்பா. “வெள்ளிக்கிழமையானா குத்துவெளக்கோட சேத்து அதையும் புளி போட்டு வெளக்கிடுவாங்க வூட்ல. மொதல்ல எங்கம்மா, அப்புறம் எம் பொஞ்சாதி. முப்பது வருசம் ஒரு வாரம் தப்புனதில்ல.”

“அதுல இருந்த நம்பர்?”

அப்பா யோசித்தார். “அது போயிருக்கும் சார். அழுக்கோட.”

அந்தத் தகட்டுக்குப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: ‘தகட்டில் காணப்படுவது.’ காண்பதை மட்டுமே எழுத வேண்டும், ஊகிக்கக் கூடாது என்று கீழே அச்சிட்டிருந்தது. விதியை மீறாத அதிகாரி அவர். கட்டத்தில் எழுதினார்: ‘அரங்கநாதன், மெய்யறி அலுவலர்.’

வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது, “சாமி சாமானத் தேய்க்காம, பாசி புடிக்க வுடச் சொல்றாங்களா?” என்று கேட்டுவிட்டு விதையை முறத்தில் புடைத்தாள். முறத்திலிருந்த விதையில் வண்டு விழுந்த பருப்பு தனியாக வந்தது. ஒரு படி இருக்கும். அன்று இரவு அதைத்தான் வறுத்துச் சட்னி அரைத்தாள்.

அடுத்த வாரம் வாரியத்தின் முதல் வகுப்புச் சான்றை விக்கிரவாண்டி நடராசன் வாங்கினார். அவருடைய டிராக்டர் வாங்கிய ஆறாம் மாதமே இஞ்சின் இறுகி நின்றது. அதன் பிறகு இருபத்தாறு வருடம் மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. ஒரு திருகாணியைக்கூட யாரும் கழற்றவில்லை. பானட்டுக்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. சான்றில் அதையும் குறித்திருந்தார்கள்: ‘உள்ளே கோழி ஒன்று. வயது போதாமையால் தொன்மைப் பிரிவில் வராது. எனினும் அகற்ற வேண்டாம்.’

“நீ இன்னாப்பா பண்ண?” என்று அப்பா கேட்டார்.

“நான் ஒண்ணுமே பண்ணலண்ணே,” என்றார் நடராசன் கூச்சத்துடன். “அதுக்குத்தான் குடுத்தாங்களாம்.”

நடராசனுக்குச் சால்வை போட ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. அரங்கநாதன் பேசினார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டது அப்படியே நினைவிருக்கிறது.

“எங்க வாரியம் விவசாயத்துக்கு எதிரின்னு சிலர் பேசிக்கிறாங்க. தப்பு. நானே விவசாயக் குடும்பம். எங்க தாத்தா சேத்துல கால் வச்சதாலதான் நான் வைக்காம இருக்க முடியுது. ஒரு டிராக்டரைக் கெடுக்கிறது எதுன்னு நாங்க பதினோரு மாசம் ஆராய்ச்சி பண்ணோம். மழையா? இல்ல. துருவா? இல்ல. உழவு. உழவுதான் டிராக்டரை அழிக்குது. ஒவ்வொரு தடவை உழும்போதும் அது கொஞ்சம் தேயுது. தேஞ்சதை நீங்க மாத்துறீங்க. மாத்த மாத்த அது போலியாகுது. ஆக, ஓடுற டிராக்டர் எல்லாம் போலியாகிக்கிட்டே இருக்கிற டிராக்டர். நாங்க அதைத் தடுக்கிறோம். இந்த வளாகத்துல இப்ப நாற்பத்தோரு டிராக்டர் நிக்குது. ஒண்ணாவது கெட்டிருக்கா? ஏன்? உழவே இல்ல.”

எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு கேசரி கொடுத்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் அப்பா அவரிடம் போய்க் கைகட்டி நின்றார். “சார், வானம் கருத்துக்கினு வருது. நான் அஞ்சு ஏக்கர் உழணும். போலின்னே எழுதிக் குடுத்துடுங்க. போலிய ஓட்டிக்கினு போறேன்.”

அரங்கநாதனுக்கு முகம் வாடிவிட்டது. “போலின்னும் எழுத முடியாது முருகையன். தகடு அசல். அசல் தகடு இருக்கிற வண்டியைப் போலின்னு எழுதினா நாளைக்கு என்னைக் கேட்பாங்க. உங்க வண்டியில அசலும் போலியும் கலந்திருக்கு. கலப்படம். மூன்று சதவீதம் அசல். மிச்சத்தை அகற்றித் தூய்மைப்படுத்தணும்.”

தூய்மைப்படுத்தும் வேலையை வாரியம் முறைப்படி ஒப்பந்தத்துக்கு விட்டது. குறைந்த தொகை கேட்டவருக்குக் கிடைத்தது. அவர் மொய்தீன் பிச்சை. கோட்டக்குப்பத்துக்காரர், திண்டிவனத்தில் பட்டறை வைத்திருந்தார். எங்கள் வண்டியின் ஒவ்வொரு பாகத்தையும் மாட்டியவர் அவர்தான் என்பதால், கழற்றுவது அவருக்குச் சுலபம். அதனால்தான் குறைவாகக் கேட்க முடிந்தது.

அவர் கழற்ற ஆரம்பித்த அன்று அப்பா வேப்பமரத்தடியில் குந்தியிருந்தார். ஸ்டியரிங் இறங்கியது. சீட் இறங்கியது. மூன்றாம் நாள் கப்பி வைத்துத் தூக்கி இஞ்சினை இறக்கினார்கள். அப்பா எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

“ஏன் பாய், உங்க கையாலயே பண்றீங்களே,” என்றார் சுவரைப் பார்த்தபடி.

“வேற எவனாச்சும் பண்ணா சுத்தியால அடிப்பான்ணே,” என்றார் பாய். அவர் போல்ட்டுகளைத் தனித்தனித் துணியில் முடிந்து சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். “பாப்பா, நீ எழுதுவல்ல? நான் சொல்றத ஒரு சீட்டுல எழுதி இதுல கட்டு. இது இடது பக்கம், மேல் வரிசை.”

குப்பையைக் கட்டுவதற்கு எதற்குச் சீட்டு என்று நான் கேட்கவில்லை. மூன்று நாளும் எழுதினேன்.

முடிவில், கழற்றியதெல்லாம் வளாகத்தின் பின்பக்கம் குவிந்தது. எங்கள் டிராக்டரின் அசல் பகுதி மட்டும் மிஞ்சியது. அது கையகலப் பித்தளைத் தகடு. அரங்கநாதன் அதைக் கையுறையோடு ஏந்திக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். விழுப்புரத்திலிருந்து வரலாறும் அதே நாள் வந்து சேர்ந்தது. சான்று எழுதினார்கள்: ‘முருகையன் டிராக்டர், கெடார். பிறப்பு: முன்பு. அசல்: நூற்றுக்கு நூறு. இது அரிய தொன்மைச் செல்வம் ஆகையால் வாரியத்தின் காட்சிக்கூடத்தில் நிரந்தரமாக வைக்கப்படும்.’

அதனுடன் இன்னொரு தாளும் அப்பா கையில் கொடுத்தார்கள். நான் படித்துச் சொன்னேன்: ‘மேற்படி டிராக்டரிலிருந்து அகற்றப்பட்ட பொருள்கள் டிராக்டர் அல்ல, கழிவு. வாரியத்துக்கு இவற்றின்மீது எவ்வித அதிகாரமோ பொறுப்போ கிடையாது. வெள்ளிக்கிழமை காட்சிக்கூடத் திறப்பு விழா நடைபெறுவதால், அதற்குள் உரிமையாளர் இவற்றைத் தாமே அகற்றிவிட வேண்டும். ஒப்பம், அரங்கநாதன்.’

அப்பாவுக்கு அந்தத் தாளில் முதல் வரிதான் காதில் விழுந்தது. “டிராக்டர் அல்ல,” என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். அன்று சாயங்காலம் மழை பிடித்தது. கெடாரில் நிலம் நிரம்ப ஈரம். இன்னும் நான்கு நாளில் காய்ந்துவிடும். வீட்டில் விதை மூட்டை பாதிக்கு இறங்கியிருந்தது.

மொய்தீன் பிச்சை தாளை என்னிடம் மறுபடி படிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எங்கே, எப்படி அகற்ற வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

“தோள்ல தூக்கிக்கினும் போலாம். உருட்டிக்கினும் போலாம்,” என்றார் அவர். “ஓட்டிக்கினு போவக் கூடாதுன்னு இல்லையேண்ணே.”

புதனும் வியாழனும் பகல் முழுக்க வளாகத்தின் பின்பக்கம் வேலை நடந்தது. நான் சீட்டைப் படிக்கப் படிக்க அவர் மாட்டினார். வாரியத்தின் ஆட்கள் பந்தலுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் வந்து பார்த்து, “இன்னா பாய் இது?” என்றார். “கழிவ ஒண்ணாக் கட்டறேன், சிந்தாம எடுத்துக்கினு போவ,” என்றார் பாய். அவர் நல்லதென்று சொல்லிவிட்டு ஏணி கேட்டு வாங்கிப்போனார்.

வெள்ளிக்கிழமை காலை விதை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மாவும் வந்துவிட்டாள். நேராக வயலுக்குப் போய்விடலாம் என்பது அவள் கணக்கு. உள்ளே திறப்பு விழா நடந்தது. சென்னையிலிருந்து வந்த வாரியத் தலைவர் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் குனிந்து நின்றார். கீழே அட்டையில் ‘காணப்படுவது: அரங்கநாதன்’ என்று எழுதியிருந்தது. தலைவர் தகட்டைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். “இதுல நானல்ல தெரியறேன்? அட்டையை மாத்துய்யா,” என்றார். மாற்றினார்கள். பிறகு அரங்கநாதன் ஒலிபெருக்கி முன்னால் நின்று, ஒரு டிராக்டர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்த டிராக்டர் ஓர் எடுத்துக்காட்டு என்று ஆரம்பித்தார்.

பின்பக்கம் பாய் கைப்பிடியைச் செருகி ஒரு சுற்று சுற்றினார். இரண்டாவது சுற்றில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. அரங்கநாதனின் அடுத்த வாக்கியம் யாருக்கும் கேட்கவில்லை. அதற்கடுத்ததும் கேட்கவில்லை. அவர் பேச்சை நிறுத்திவிட்டு வேகமாக வந்தார். கூட்டமும் பின்னால் வந்தது.

“முருகையன், என்ன வண்டி இது? சான்று இருக்கா இதுக்கு?”

“வண்டி இல்லீங்க,” என்றார் பாய் பணிவாக. “கழிவு. நீங்கதான் ஜல்தி எடுக்கச் சொல்லிக்கிறீங்க.”

நான் தாளை நீட்டினேன். அரங்கநாதன் அதைப் படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி முன்பக்கம் படித்தார். கடைசி வரிக்கு வந்து நின்றுவிட்டார்.

“கையெழுத்து அசல்தானுங்களே சார்?” என்று கேட்டார் பாய்.

தகடு இருந்த இடத்தில் இரண்டு திருகு ஓட்டைகள் மட்டும் இருந்தன. அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு புளி உருண்டையும் குங்குமப் பொட்டலமும் இருந்தன. புளியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். அதைத் திரும்ப முடிந்துகொண்டு, குங்குமத்தை எடுத்து இரண்டு ஓட்டைகளுக்கும் நடுவில் அழுத்தி வைத்தாள். மூட்டையை மட்கார்டின் மேல் ஏற்றினோம்.

அப்பா பலாப் பலகையில் ஏறி உட்கார்ந்தார். அரங்கநாதன் தாளைப் பிடித்தபடி வழியில் நின்றார். அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது டிராக்டர்தான் என்று அவர் வாயால் கேட்கக் காத்திருப்பது போலத்தான் இருந்தது. அரங்கநாதன் விலகினார். அப்பா கியரைப் போட்டு, தோரணத்தில் உரசாமல் தலையைக் குனிந்துகொண்டு வாசலைத் தாண்டிப் போனார்.